மூக்கனுக்கு வீடு கிடைத்தது

நாய் வைத்திருப்பவனுக்கு வீடு கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர்கள் கதவைச் சாத்துகிறார்கள், நான் படியிறங்குகிறேன், விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இருகை நீட்டி வரவேற்று, நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பதினான்கு பக்க விண்ணப்பத்தை மடியில் வைக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நான் எக்ஸ்ரே எடுப்பவன். மாற்றலாகி இந்தச் சின்ன ஊர் மருத்துவமனைக்கு வந்தபோது மனைவியும் எட்டு வயது மகளும் பள்ளி முடியட்டும் என்று பழைய ஊரிலேயே இருந்துகொண்டார்கள். பழைய வீட்டை விலைக்கு வாங்கியவர் மாதக் கடைசி வரை இருந்துகொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, மறுநாளே பின்பக்கச் சுவரை இடிக்க ஆள் அனுப்பிவிட்டார். அந்தச் சுவரோரம்தான் மூக்கன் படுப்பான். ஆகவே அவனை நான் என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூக்கன் எங்கள் நாய். வயது ஏழு. பழுப்பு உடம்பு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கறுப்பு மூக்கு, இடது காது எப்போதும் மடிந்தே இருக்கும். மருத்துவமனையில் பழைய ஃபிலிம் பெட்டிகள் அடைத்து வைத்திருந்த அறையில் எங்கள் இருவருக்கும் தற்காலிகமாக இடம் கொடுத்தார்கள். அந்த அறைக்கு முப்பதாம் தேதி புது இயந்திரம் வருகிறது, அதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். பழைய வீட்டுக்கும் முப்பதாம் தேதிதான் கெடு. கையில் இருந்தது இருபத்தொன்பது நாள்.

என் மனைவியின் அண்ணன் பெயிண்ட் வியாபாரி. அவர் போனில் மிகவும் ஆறுதலாகப் பேசினார். "வீடு கிடைக்கலேன்னா கவலைப்படாதீங்க மாப்ள. நாயை என் கோடவுன்ல கட்டிப் போட்டுடலாம். காவலுக்கும் ஆச்சு." மூக்கன் பிறந்ததிலிருந்து சங்கிலியே பார்த்ததில்லை. அப்போது அவர் பக்கத்தில் இருந்து இதைக் கேட்டுவிட்ட என் மகள் அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன் செய்து, வீடு பார்த்தாச்சா அப்பா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். இன்னும் இல்லை என்பேன். சரி, அவன்கிட்ட குடு என்பாள். நான் போனை மூக்கனின் காதருகே பிடிப்பேன். அவன் அதை நக்குவான். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தரகர் எட்டு நாளில் பதினொரு வீடு காட்டினார். ஒரு வீட்டில் நாயை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மொட்டை மாடிச் சாவி தர மாட்டோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் நாய் பரவாயில்லை, பூனை என்றால் இன்னும் நன்றாயிருக்கும், மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் மனம்விட்டுப் பேசினார். முன்பு குடியிருந்தவரும் நாய் வைத்திருந்தாராம். "அந்த நாய் தங்கம் சார். சத்தம் கிடையாது, தொந்தரவு கிடையாது. ஆளுதான் சரியில்ல. அதனால இனிமே நாய் வெச்சிருக்கிறவங்களுக்கு வீடு குடுக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்." இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று தோன்றியது. என்ன கோளாறு என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் தரகர் என்னை ஊரின் ஒரே பெரிய அடுக்குமாடி வளாகத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் ஆள் உயரப் பலகை. அதில் ஒரு நாய், ஒரு பூனை, ஒரு கிளி மூன்றும் சிரித்தபடி நின்றன. "வளர்ப்புப் பிராணிகள் அன்புடன் வரவேற்கப்படுகின்றன" என்று எழுதியிருந்தது. மூக்கன் பலகையை முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். தரகர் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. "நான் உள்ள வர்றதில்ல சார். நீங்க போய்ட்டு வாங்க" என்றார். ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்பவர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் முகம் அப்படித்தான் இருந்தது. நான்தான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. எனக்குக் கை கொடுத்தார். மூக்கனுக்கு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலடி தள்ளி நின்று காலை வணக்கம் சொன்னார். நான்காம் மாடியில் ஒரு வீடு காலியாக இருப்பதாகவும், அதன் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் யாருக்கு விடுவது என்பதைச் சங்கமே முடிவு செய்யும் என்றும் சொன்னார். வீட்டைத் திறந்து காட்டினார். இரண்டு அறை, மூன்று ஜன்னல், வெயில் விழுகிற ஒரு பால்கனி. பால்கனியிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்து மைதானம் தெரிந்தது. மூக்கன் நேராகப் போய் வெயிலில் படுத்துவிட்டான். அந்த நிமிடமே இந்த வீடு எங்களுடையது என்று மனசில் எழுதிப் போட்டுவிட்டேன். என் புத்தி அப்படி.

விண்ணப்பத்தில் மூக்கனின் முந்தைய முகவரி, காலி செய்வதற்கான காரணம், அக்கம்பக்கத்தாரோடு ஏதாவது தகராறு உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அதுவரை சரி. பொழுதுபோக்கு என்ன, எதிர்காலத் திட்டம் என்ன என்றும் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் 'தூக்கம்' என்று எழுதினேன். முழு வாக்கியமாக எழுதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். 'நான் தூங்க விரும்புகிறேன்' என்று எழுதிக்கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பிராணியின் கால் பதிவு வேண்டும். மருத்துவமனை ஸ்டாம்ப் பேடில் அவன் முன்காலை ஒற்றி ஒற்றிப் பதினான்கு பக்கத்திலும் வைத்தேன். நான்கு நாள் மூக்கன் ஊதாக் காலோடு நடந்தான். எக்ஸ்ரேக்கு வந்த நோயாளி ஒருவர், என்ன மருந்து போட்டிருக்கிறீர்கள் என்று அக்கறையாக விசாரித்தார்.

புகைப்படம் அடுத்தது. வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். ஸ்டுடியோக்காரர் பொறுமைசாலி. மடிந்த காதை அவர் ஒட்டுநாடா வைத்து நிமிர்த்தினார். வாயை மூட வைப்பது அவரால் ஆகவில்லை. பதினாறு வருடமாக மனிதர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதை நான் மூக்கனிடம் சொன்னேன். "மூச்சை இழு. பிடி. அசையாதே." அவன் வாயை மூடினான். படம் அற்புதமாக வந்தது. செயலாளர் அதைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். முகம் கொஞ்சம் சோகமாக இருக்கிறதாம். வரவேற்கிற வளாகத்தின் ஃபைலில் சோகமான முகம் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மறுபடி போனேன். இரண்டாவது படத்தில் சிரிப்பது போலிருக்கிறது என்றார்கள். மூன்றாவது படத்தை வாங்கிக்கொண்டார்கள். அதில் மூக்கன் என்னைப் பார்க்கிறான்.

பழைய அக்கம்பக்கத்தார் மூன்று பேரிடம் நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்றார்கள். என் மனைவி சமையலை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போய் வாங்கி அனுப்பினாள். மூன்று கடிதமும் மூக்கனைப் புகழ்ந்து தள்ளியிருந்தன. ஒன்றில் மட்டும், நாய் பார்த்தால் வாலாட்டும், வீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார் என்று சேர்த்திருந்தார்கள். அது நான் கண்ணாடி போடாமல் நடந்த காலம். அதை யாரிடம் போய் விளக்குவது?

கால்நடை மருத்துவர் தரவேண்டிய சான்றிதழின் வாசகத்தைச் சங்கமே அச்சடித்து வைத்திருந்தது. 'இப்பிராணி இதுவரை யாரையும் கடித்ததில்லை, இனியும் கடிக்காது என உறுதியளிக்கிறேன்.' மருத்துவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், எனக்கு முப்பது வருஷ அனுபவம். இப்படி ஒரு உறுதிமொழியை நான் என் சொந்தத் தம்பிக்குக்கூட எழுதித் தர மாட்டேன்." கடைசியில், பரிசோதனை செய்த ஏழு நிமிடத்தில் கடிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஏழு நிமிடம் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று கேட்டு அதையும் சங்கம் திருப்பியது.

இப்படியாக இருபதாம் தேதி ஆகிவிட்டது. அன்று நேர்காணல்.

பிராணி வரவேற்புத் துணைக்குழு என்று ஒன்று இருந்தது. மூன்று பேர். தலைவி, பள்ளிகளுக்கு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்திருக்கும்போதே யாரையோ எழுப்பி நிற்க வைப்பது போலப் பார்ப்பார். அடுத்தவர் செயலாளர். மூன்றாமவர் மருந்துக்கடை வைத்திருந்த பொருளாளர். கூட்ட அறைச் சுவரில் 'பிராணி நேய வளாகம்' என்று பொறித்த மூன்று கேடயங்கள் வரிசையாகத் தொங்கின. ஊர் நிர்வாகம் வருடா வருடம் தருவது. என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். மூக்கனுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் அதன் அடியில் படுத்துக்கொண்டான். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

தலைவி எழுந்து பேசினார். எதிரில் இருந்தது நானும் ஒரு நாயும்தான், ஆனாலும் எழுந்து நின்றுதான் பேசினார். "இந்த வளாகம் பிராணிகளை வரவேற்க ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆகுது. ஆறு வருஷத்துல ஒரு குரைப்பு இல்ல, ஒரு கடி இல்ல, படிக்கட்டுல ஒரு முடி விழுந்ததில்ல. ஒரு புகார் வந்ததில்ல. எப்படி இதைச் சாதிச்சீங்கன்னு வெளியூர்லேர்ந்து வந்து கேட்டுட்டுப் போறாங்க. எல்லாம் கட்டுப்பாடுதான்."

எனக்கு மெய்யாகவே பிரமிப்பாக இருந்தது. இப்போது இங்கே எத்தனை பிராணிகள் இருக்கின்றன என்று ஆவலாகக் கேட்டேன். மகளுக்குச் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்பதைத் தவிர அதில் வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை.

பொருளாளர் மின்விசிறியைப் பார்த்தார். செயலாளர் ஃபைலில் எதையோ தேடினார். தலைவி மட்டும் அசரவில்லை. "இருக்கிறதுங்கிறது வேற, வரவேற்கிறதுங்கிறது வேற. நாங்க வரவேற்கிறதுல முழுக் கவனமா இருக்கோம்" என்றார்.

அப்படியானால் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன். இதுவரை நாற்பத்தொரு விண்ணப்பம் வந்திருக்கிறது, ஒன்றைக்கூட நிராகரித்ததில்லை என்று செயலாளர் பெருமையோடு சொன்னார். எல்லாமே பரிசீலனையில் இருக்கின்றன. அவற்றில் ஒரு நாய் மூன்றாம் வருடம் வயதாகி இறந்துபோனதாம். சங்கம் இரங்கல் கடிதம் அனுப்பியது. "ஆனா அதோட விண்ணப்பத்தை நாங்க மூடலை சார். அது இன்னும் நிலுவையிலதான் இருக்கு" என்றார். அவர் குரலில் கண்ணியம் இருந்தது.

எழுந்து வந்திருக்க வேண்டும். முதுகெலும்பு எப்படி இருக்கும் என்று தினம் முப்பது பேருக்குப் படம் எடுத்துக் காட்டுகிறவன் நான். ஆனால் இன்னும் பத்தே நாள், கோடவுன், சங்கிலி, சாயங்காலம் வரப்போகும் போன் எல்லாம் கண்முன் வந்தன. உட்கார்ந்தே இருந்தேன்.

பிறகு அமைதிச் சோதனை. பிராணி நாற்பது நிமிடம் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். அந்த நாற்பது நிமிடமும் செயலாளர் சங்க விதிகளை உரக்கப் படித்தார். மூக்கன் இரண்டாம் விதியில் தூங்கிப்போனான். பொருளாளர் ஐந்தாம் விதியில் தூங்கினார். அவர்தான் குறட்டை விட்டார். நாற்பது நிமிடம் முடிந்ததும் நான் வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தேன். தலைவியின் புருவம் சுருங்கியிருந்தது.

இவ்வளவு அமைதி இயற்கையாக இல்லை என்று அவர் கருதினார். நாய்க்கு மருந்து ஏதும் கொடுத்திருக்கலாம். அல்லது குரைக்கும் சக்தியே இல்லாமலிருக்கலாம். குரைக்க முடியாத ஒரு பிராணி குரைக்காமல் இருந்தால் அதில் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது? "முதல்ல குரைக்கச் சொல்லுங்க. அப்புறம் நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்தினா பாஸ்" என்றார்.

மூக்கனை எழுப்பினேன். குரைடா என்றேன். என் முகத்தைப் பார்த்தான். கெஞ்சினேன். கதவைத் தட்டிக் காட்டினேன், பூனை வந்திருக்கிறது என்று பொய் சொன்னேன். அவன் வாலை மட்டும் ஆட்டினான். தலைவியும் செயலாளரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இருபது நாள் அலைச்சல், ஊதா மை, ஒட்டுநாடா, ஏழு நிமிடம் எல்லாம் சேர்ந்து உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மூக்கனுக்குச் சொல்லிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, முழங்காலிட்டுக் குனிந்து, நானே குரைத்தேன். நன்றாகவே குரைத்தேன். பொருளாளர் தூக்கத்திலிருந்து விழித்துக்கொண்டார்.

மூக்கன் என் கையை ஒருமுறை நக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். செயலாளர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "விண்ணப்பதாரர் இரண்டு முறை குரைத்தார். போதும் என்று சொன்னதும் நிறுத்தினார்."

அதன் பிறகு நான்கு நாள் எந்தத் தகவலும் இல்லை. நான் போன் செய்தபோதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மச்சான் கோடவுன் மூலையில் கொக்கி அடித்துவிட்டதாகத் தகவல் சொன்னார். மகள் கூப்பிட்டபோது ஒருநாள் போனை எடுக்காமலே இருந்துவிட்டேன். அவள் விடவில்லை. அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, உனக்கு வேலை இருந்தா பரவாயில்ல. அவன்கிட்ட மட்டும் குடு" என்றாள்.

இருபத்தைந்தாம் தேதி காலை எக்ஸ்ரே அறை வாசலில் டோக்கன் எடுத்து நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார் செயலாளர். முறைப்படி தன் எண் வந்ததும் உள்ளே வந்தார். அவசரம் முகத்தில் வழிந்தது. "உங்க நாய்க்கு என் மனமார்ந்த வாழ்த்துகள் சார்" என்று ஓர் உறையை நீட்டினார்.

நடந்தது இதுதான். மூன்று வருடமாகக் காகிதத்தைப் பார்த்தே கேடயம் கொடுத்துவந்த ஊர் நிர்வாகம், இந்த வருடம் இரண்டு அதிகாரிகளை நேரில் அனுப்பப்போகிறது. அவர்கள் இருபத்தெட்டாம் தேதி வருகிறார்கள். வளாகத்தில் பயன்பெற்று வாழும் பிராணி ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டுமாம். நாற்பத்தொரு பேரில் மற்றவர்கள் எல்லாம் வேறு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நாங்களும் இறந்துபோன நாயும்தான்.

உறைக்குள் இரண்டு கடிதம் இருந்தன. முதல் கடிதம் மூக்கனுக்கு. நான்காம் மாடி வீட்டில் குடியிருக்க அவனுக்கு முழுமனதோடு அனுமதி வழங்கப்பட்டிருந்தது. இரண்டாவது எனக்கு. என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. சங்க வரலாற்றில் முதல் நிராகரிப்பு. குடும்பம் உடன் இல்லாத தனி ஆண்களுக்கு வளாகத்தில் வீடு தருவதில்லை என்பது ஒரு காரணம். சத்தம் போடும் சுபாவம் உள்ளவர் என்று நேர்காணல் குறிப்பிலிருந்து தெரியவருகிறது என்பது இன்னொரு காரணம்.

வீடு கிடைத்தால்தான் குடும்பம் வரும் என்றேன். குடும்பம் வந்தால் வீடு தருவதில் ஆட்சேபணை இல்லை என்றார். அதை இரண்டு முறை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். வெளியே கால் முறிந்த ஒருவர் முனகிக்கொண்டிருந்தார். அப்போது செயலாளர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். பிராணி விதிகளின் கடைசிப் பக்கத்தில், அனுமதி பெற்ற பிராணியோடு பராமரிப்பாளர் ஒருவர் தங்கலாம் என்று இருக்கிறது. "நீங்க அந்தப் பதவிக்கு முயற்சி பண்ணலாமே சார். நானே சிபாரிசு பண்றேன்."

வாடகை ஒப்பந்தம் மூக்கன் பெயரில் எழுதப்பட்டது. அவன் கால் பதித்தான். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். பராமரிப்பாளருக்கு என்று தனி விதிகள் இருந்தன. லிஃப்டில் ஏறக்கூடாது. பூங்கா பெஞ்சில் உட்காரக்கூடாது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருக்க வேண்டும். காரணமில்லாமல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது. சத்தம் கூடவே கூடாது. பிராணிக்கு இதில் எதுவும் கிடையாது, அது குடியிருப்பாளர். இந்த விதிகளை யார் இவ்வளவு யோசித்து எழுதினார்கள் என்று வாசல் காவலாளியிடம் கேட்டேன். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதியது, அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்றார் அவர். "எனக்கும் இதேதான் சார். பன்னெண்டு வருஷமா படியிலதான் ஏறுறேன்." அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி அதிகாரிகள் வந்தார்கள். தலைவி மூக்கனின் பக்கத்தில் நின்று அதே உரையை ஒரு சொல் மாறாமல் நிகழ்த்தினார். ஒரு குரைப்பு இல்ல, ஒரு கடி இல்ல. மூக்கன் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். அதிகாரிகளில் ஒருவர் என் கழுத்து அட்டையைப் பார்த்து நீங்கள் யார் என்றார். நான் வாய் திறக்கும் முன், "அது பிராணியோட ஆளு சார்" என்றார் செயலாளர். நான்காவது கேடயம் கைமாறியது. படம் எடுக்கும்போது என்னைச் சற்று ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். காரணமில்லாமல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது என்பதால் நான் நடந்துகொண்டே ஒதுங்கினேன்.

முப்பதாம் தேதி பதினொரு மணிக்குச் சாமான் வண்டி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து மனைவியும் மகளும் இறங்கினார்கள். வாசலில் என்னோடு நின்ற மூக்கன் மகள் மேல் தாவினான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தாள். போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், அட்டையைத் தவிர.

காவலாளி பதிவேட்டைத் திறந்தார். பின்னால் கூட்ட அறை ஜன்னலில் செயலாளரின் தலை தெரிந்தது. காவலாளி வழக்கத்தைவிட உரக்கப் பேசினார். "பராமரிப்பாளரோட குடும்பம் தங்க விதியில இடமில்ல மேடம்." என் மனைவியின் முகம் வெளுத்துப்போனது. அவர் பதிவேட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல் அதே குரலில் தொடர்ந்தார். "குடியிருப்பாளரோட நெருங்கின சொந்தம்னா எத்தனை நாள் வேணும்னாலும் தங்கலாம். விதி அப்படித்தான் இருக்கு. இப்போ சொல்லுங்க, யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?"

மகள்தான் முதலில் பதில் சொன்னாள்.

"மூக்கனை."

"என்ன உறவு?"

"அக்கா" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவன் அவளைவிட ஒரு வயது இளையவன்தானே.

காவலாளி எழுதிக்கொண்டார். பேனாவை என் மனைவி பக்கம் திருப்பினார். அவள் தலைமுடியில் வழிநெடுகப் பட்ட தூசி. கையில் கட்டாமல் விட்டுப்போன பாத்திரங்கள் நிறைந்த ஒரு பை. அவள் ஒருமுறை ஜன்னலில் தெரிந்த தலையைப் பார்த்தாள், ஒருமுறை பலகையில் சிரித்துக்கொண்டிருந்த மூன்று பிராணிகளையும் பார்த்தாள்.

"அவனோட அம்மா" என்றாள்.

"அப்பா?" என்றார் காவலாளி. பதிவேட்டில் அந்தக் கட்டமும் இருந்தது.

நான் ஏதோ சொல்ல வந்தேன். ஒரே ஆள் இரண்டு பதவியில் இருக்க முடியாது என்று அவர் கண்ணாலேயே தடுத்துவிட்டார். "கூட இல்லைங்க" என்றாள் என் மனைவி. காவலாளி அனுதாபத்தோடு தலையசைத்துவிட்டு எழுதினார்.

குடியிருப்பாளரும் அவருடைய அம்மாவும் அக்காவும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடும்போது என் மகள், அப்பா நீ வரலியா என்று கேட்டாள். நான் படியில் வருகிறேன், உடம்புக்கு நல்லது என்று சொன்னேன். பிறகு அவளுடைய புத்தகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினேன். முதல் மாடியில் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பொருளாளர் என் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியது. ஓரிடத்தில் நிற்கக்கூடாது என்று நினைவு வந்து நகர்ந்தேன். மூன்றாம் மாடியில் என்னால் முடியவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். இருபத்தொன்பது நாளும் வயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏறி வந்தன. அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

குரைத்தேன்.

வளாகம் முழுக்க எதிரொலித்தது. ஆறு வருடமாக எதையும் கேட்டிராத சுவர்கள். இரண்டு கதவுகள் திறந்தன. அப்போது மேலே நான்காம் மாடியிலிருந்து, யார் கெஞ்சியும் வாய் திறக்காத மூக்கன், பதிலுக்கு ஒரு தடவை குரைத்தான். தொடர்ந்து மகளின் சிரிப்புச் சத்தம் படிவழியாக இறங்கி வந்தது.

கீழே செயலாளர் ஓடி வரும் செருப்பொலி கேட்டது. யாரது, நாயா, நாயா குரைத்தது என்று அவர் பதறினார். சுவரில் தொங்கும் நான்கு கேடயமும் அவர் குரலில் நடுங்கின.

"இல்ல சார்" என்று காவலாளி நிதானமாகச் சொல்வது என் காதில் விழுந்தது. "ரெண்டு தடவையும் அந்தப் பராமரிப்பாளர்தான்."

அது பதிவேட்டில் ஏறியது. வளாகத்தின் முதல் புகார் என் பெயரில்தான் இருக்கிறது. மூக்கன் மேல் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.